இரண்டாம் பக்கத்து ஸலாம்

செபரட்ணம் சேரின் வீட்டுக்கு மிஹ்லார் போய்ச் சேர்ந்தபோது கல்முனையில் கரண்ட் இல்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையில் கடைசிக்கு முந்திய வீடு. ஓடு போட்ட பழைய வீடு, ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பழைய கடதாசியும் ஈரமும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"வா மனே" என்றார் சேர். எழுபத்திரண்டு வயது. பாடசாலையில் சங்கீதம் படிப்பித்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அதை வெளியே இழுத்தார்.

பதினொரு வருஷமாக மிஹ்லார் தேடிய இசைத்தட்டு.

கல்முனை பஸாரில் அம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் திருத்துகிறவன் மிஹ்லார். அது சோற்றுக்கு. உயிர் இருந்தது பழைய இசைத்தட்டுகளில். இந்த வியாதி பிடித்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒருவரையொருவர் வட்ஸ்அப்பில் கண்டுபிடித்து, ஒரு கீறல் சத்தத்துக்காக நாள் முழுக்கச் சண்டை பிடிப்பார்கள். மிஹ்லாரின் குழுவில் நாற்பத்தாறு பேர். அவர்களில் ஒருவர்கூட 'உப்புக்காத்து' தட்டைக் கண்ணால் கண்டதில்லை. அப்படியொன்று வெளிவரவே இல்லை என்று சாதித்தவர்களும் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் சோல், ஃபங்க் பாட்டுகளும், கிட்டாரை வேண்டுமென்றே கரகரக்க வைத்து மண்டையைக் கிறுகிறுக்கப் பண்ணும் அந்தக் காலத்துச் சைக்கடெலிக் வாசிப்பும், நம்மூரில் கையால் தட்டும் றபான் பறையின் அடியும் ஒன்றாகக் கலந்த தட்டு அது. 1974இல் கல்முனைக் கரையோரம் ஒரு நெல்லுக் களஞ்சியத்தில் பதிவானது. அடித்தது இருநூறு பிரதி. எழுபத்தெட்டுச் சூறாவளி கொஞ்சத்தைத் தின்றது, சண்டை கொஞ்சத்தைத் தின்றது, மிச்சத்தைச் சுனாமி கொண்டுபோனது.

அட்டையில் ஊதாவும் செம்மஞ்சளுமாக ஓர் அறுக்குளா மீன், கண்ணுக்குள் கண்ணாகச் சுழித்து வரைந்திருந்தது. பின்னால் நாலு பேரின் பெயர். ஓர்கன் செபரட்ணம். மேளம் ஜவுபர்.

"கொண்டு போய்ப் போட்டுக் கேளு. கம்பியூட்டர்ல ஏத்தி ஒரு கொப்பி தந்தாக் காணும்" என்றார் சேர். "முதல் பக்கம் வருஷா வருஷம் நத்தார் பண்டிகைக்குப் போடுவன். மற்றப் பக்கம் போட்டுக் கனகாலம். மனசு வாறல்ல."

ஏனென்று மிஹ்லார் கேட்டிருக்கலாம். பொருள் கைக்கு வந்த சந்தோஷத்தில் அவனுக்குக் கேள்வி ஒன்றும் தோன்றவில்லை. தலையணை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டான்.

பக்கத்து ஊரான சாய்ந்தமருதில் அவன் இருந்தது மனைவி ஹப்ஸாவின் வீட்டில். அந்தப் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அங்கே வந்து சேருகிறவன். ஹப்ஸா நாலாம் வகுப்பு ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு குரலில் அடக்குகிறவள். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. சோறு வடிக்கும்போது கதைப்பாள், உடுப்புக் காயப்போடும்போது கதைப்பாள், அவன் பாட்டுக் கேட்கும்போதும் குசினி அடுப்படியிலிருந்து கதைப்பாள். அந்தச் சத்தம் வீட்டில் இருக்கிற வரைக்கும் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று மிஹ்லார் நினைத்திருந்தான். அவளிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

"அது என்ன, கொழந்தப்புள்ளயக் கொண்டுவாற மாதிரிக் கொண்டுவாறீங்க?"

"கதைக்காம இரி புள்ள. கேளு."

கரண்ட் வந்திருந்தது. ஊசியை வைத்தான்.

முதல் பக்கத்தில் நாலு பாட்டு. முதல் பாட்டே நெஞ்சாங்கூட்டில் பிடித்துக்கொண்டது. பேஸ் கிட்டார் ஒரு அடி பின்னால் இழுத்து இழுத்து நடக்க, ஜவுபரின் கை அதற்கு முன்னால் ஓடியது. றபானில் பழகின கை என்பது கேட்ட மாத்திரத்தில் தெரிந்தது. கம்பு பிடித்து அடிக்கிறவன் இப்படி அடிக்க மாட்டான். விரல் நுனியால் தோலைத் தட்டி, உள்ளங்கையால் அமர்த்தி, அந்த அமர்த்தலுக்குள் ஃபங்கை ஒளித்து வைத்திருந்தான். மேலே ஓர்கன் தேவாலயத்தில் வாசிக்கும் கனத்தோடு வந்து, பாதியில் கள்ளுக் குடித்ததுபோல் தடுமாறியது. மிஹ்லாரின் கண் கலங்கிவிட்டது.

இரண்டாம் பக்கத்தில் ஒரே பாட்டு, பதினேழு நிமிஷம்.

அதில் மேளம் இல்லை.

முதலில் அவனுக்கு நம்ப முடியவில்லை. ஃபங்க் தட்டில் மேளம் இல்லாமல் ஒரு பக்கமா? ஆனால் கேட்கக் கேட்க அதன் விஷயம் பிடிபட்டது. மேளம் இருக்கவேண்டிய இடத்தை மற்ற மூன்று பேரும் காலியாக விட்டுவிட்டு அதைச் சுற்றி வாசித்தார்கள். வராத ஒருவனுக்குக் கதிரை போட்டு வைத்த மாதிரி. பன்னிரண்டாம் நிமிஷத்துக்குப் பிறகு கிட்டாரும் தேய்ந்து போயிற்று. ஓர்கனின் ஒற்றைச் சுரம் மட்டும், தூரத்துக் கடல் இரைச்சலோடு.

பிறகு ஒரு கதவு கிறீச்சிட்டது.

ஈரக்கால் சீமெந்துத் தரையில் பதியும் சத்தம்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பதிவறையில் இருந்த ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஓர்கன் தன்பாட்டில் நீண்டது. மிஹ்லார் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். இதைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று உடம்பெல்லாம் புல்லரித்தது.

"வஅலைக்கும் ஸலாம்" என்றாள் ஹப்ஸா, குசினியிலிருந்து. "உள்ளுக்கு வாங்க. அவர் இரிக்காரு."

ஸலாம் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமல்ல அது, நாக்கு தானாகச் செய்வது. வீட்டுக்காரன் வாயைத் திறக்காவிட்டால் உள்ளேயிருந்து பெண் பிள்ளை சொல்லத்தான் செய்வாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசல் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"யாரு வந்த?"

"ஒருத்தரும் வரல்ல புள்ள. அது றெக்கோட்ல."

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தார்கள். தட்டு முடிந்து ஊசி வெறும் வட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஹப்ஸாவின் குரல் கம்மியிருந்தது. கரும்பலகை வெண்கட்டித் தூசு என்றாள்.

நல்ல தட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கேட்கும். இந்த வியாதிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை இது. சனிக்கிழமை பின்னேரம் மிஹ்லார் இரண்டாம் பக்கத்தை மறுபடி போட்டான். மூன்றாம் நிமிஷத்தில் அடியிலே மெல்லிய மேளம் ஒன்று இருப்பதைக் கவனித்தான். நேற்று எப்படித் தவறவிட்டேன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

கதவு கிறீச்சிட்டது. ஈரக்கால். ஸலாம்.

"வஅலைக்கும் ஸலாம். உள்ளுக்கு வாங்க. அவர் இரிக்காரு."

ஸ்பீக்கருக்குள்ளிருந்து வந்தது ஹப்ஸாவின் குரல்.

ஹப்ஸா அப்போது வீட்டில் இல்லை. இரண்டு தெரு தள்ளி உம்மா வீட்டில் இருந்தாள்.

ஊசியைத் தூக்கிவிட்டுத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். நேற்று அவன் துடைத்தபோது, ஊசி ஓடும் பள்ளம் முடிந்து, நடுவில் ஒட்டிய கடதாசி வரைக்கும் இரண்டு விரல் அகலம் வெறுமையாக இருந்தது. இன்று ஒன்றரை விரல்தான் இருந்தது. பள்ளம் உள்ளே வளர்ந்திருந்தது.

அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மறைப்பதில் பயனில்லை, மேளம் சேர்ந்த பிறகு அந்தப் பாட்டு முன்னையைவிட அழகாக இருந்தது. ஐம்பது வருஷம் காலியாகக் கிடந்த இடத்துக்கு ஆள் வந்து சேர்ந்தால் எப்படி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் போட்டான். திங்கட்கிழமை கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து மறுபடி போட்டான். ஒவ்வொரு தடவையும் மேளம் கிட்ட வந்தது. ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஹப்ஸாவின் பேச்சுக் கூடியது.

"இரிங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?"

"ஏன் இப்பிடி நனைஞ்சிரிக்கீங்க?"

"காயல்லயா இன்னும்?"

வீட்டில் அவள் சொல்லாத வார்த்தைகள் இவை. வீட்டில் அவள் எதையுமே சொல்லாமல் போய்க்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குரல் முற்றாக இல்லை. டொக்டர் தொண்டைக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். உம்மா ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், குடித்தாள். வாயைத் திறந்தால் காற்று வந்தது.

அன்று மிஹ்லார் கடையில் குந்தியிருந்து, பழைய குரலையாவது கேட்போம் என்று அவள் வட்ஸ்அப்பில் அனுப்பிய வொயிஸ்களைத் திறந்தான். வரும்போது மாசிக் கருவாடு வாங்கி வரச் சொன்னது, ஹெல்மெட் போடாததற்கு ஏசியது, சும்மா சிரித்தது. எல்லாம் அதே நீளத்தில் இருந்தன. ஒன்றிலும் ஹப்ஸா இல்லை.

விரல் நுனியால் தோலைத் தட்டும் சத்தம் மட்டும்.

வீட்டுக்கு ஓடினான். முன்னறையில் ஹப்ஸா நிலத்தில் இருந்தாள். எதிரே பிரம்புக் கதிரை. அதைப் பார்த்து, யாரோ கதைப்பதைக் கேட்பவள்போல் இடைக்கிடை தலையாட்டினாள். அவளுடைய விரல்கள் சுளகின் விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன, ஒரு அடி முன்னால் ஓடும் தாளத்தில். அவளுக்குத் தாளமே வராது. மேசையில் மூன்று கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தாள்.

கதிரையின் பிரம்பு ஊறிப்போய்க் கிடந்தது. அறை முழுக்கக் கடல் வாடை, அதற்கு அடியில் நாட்பட்ட ஈரத்துணியின் நாற்றம்.

"ஹப்ஸா."

அவள் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பார்த்தபோது அவன் யார் என்று யோசிக்கிற பார்வையாக இருந்தது. மிஹ்லார் அதுவரை தன் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

புதன்கிழமை விடிந்ததும் செபரட்ணம் சேரின் வாசலில் நின்றான். எல்லாவற்றையும் சொன்னான்.

"ஜவுபர் எங்களோட மேளம் அடிச்சாலும் அவன்ட தொழில் கடல் மனே" என்றார் சேர். "ரெண்டாம் பக்கம் பதிஞ்ச அண்டைக்கு விடியப்புறம் வள்ளத்தில போனவன், பின்னேரம் வாறன் எண்டான். நாலு மணியாகியும் வரல்ல. கொழும்பாள் பதியிற மெசினோட வந்து நிக்கிறான், காத்திரிக்க மாட்டானாம். மேளம் இல்லாமலே வாசிச்சம். அப்பதான் கதவு திறந்த."

"அவர்தானா?"

"அவன்ட குரல் எனக்குத் தெரியாதா. ஆனா பதிவாகுது எண்டு சிவப்பு பல்ப் எரியுது. பல்ப் எரிஞ்சா இருமவும் ஏலா, பாட்டுப் பழுதாப் போயிரும். நாங்க ஒருத்தரும் கிறுகித் திரும்பிப் பார்க்கல்ல. முடிஞ்ச பிறகுதான் பார்த்தம். ஒருத்தரும் இல்ல. நிலத்தில தண்ணி."

அவர் குரல் தாழ்ந்தது.

"அவன்ட வள்ளம் காலமையே கவிண்டிட்டு. ரெண்டு நாள் கழிச்சு வினாயகபுரத்தில கரையொதுங்கினான்."

"ஐம்பது வருஷமா இந்த வீட்டுல ஒண்டும் நடக்கல்லயே சேர்?"

"இஞ்ச ஆர் மனே அந்த ஸலாத்துக்குப் பதில் சொல்ற? நாங்க கிறிஸ்தவ வேதக்காரர். கேட்டுட்டு இருந்துருவம்."

மிஹ்லாருக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. அந்த மனிதன் வாசலில் ஐம்பது வருஷமாக நின்றுகொண்டிருந்திருக்கிறான். உள்ளே வரச் சொன்னது ஹப்ஸா, வீட்டுக்குச் சொந்தக்காரி. ஆனால் அந்த ஸலாத்தை முதலில் கேட்டவன் மிஹ்லார். எழும்பிப் போய் யாரென்று பார்க்க வேண்டியவனும் அவன்தான். அவன் கண்ணை மூடிப் பாட்டை ரசித்துக்கொண்டிருந்தான்.

தட்டை உடைக்க முடியாது. ஹப்ஸாவின் குரல் அதற்குள் இருக்கிறது.

வந்த விருந்தாளி போக வேண்டுமென்றால் ஒருவர் எழும்பி அவரைத் தெருவரைக்கும் கொண்டுபோய் விட வேண்டும். வீட்டு ஆண்பிள்ளையின் வேலை அது. வழி நெடுக மிஹ்லாருக்கு இதைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு வந்து ஹப்ஸாவின் முன்னால் முழந்தாளிட்டான். அவளுடைய தட்டும் விரல்களைப் பிடித்து நிறுத்தினான். குளிர்ந்திருந்தன.

"புள்ள, நான் சொல்றது கேக்குதா? இண்டைக்கு உனக்குக் குரல் திரும்பி வரும், இன்ஷா அல்லாஹ். வந்தாலும், எவன் ஸலாம் சொன்னாலும் நீ பதில் சொல்லப்படாது. எத்தின தரம் சொன்னாலும். தெரிஞ்ச குரல் எண்டாலும். எனக்கிட்டச் சத்தியம் பண்ணு."

கண்ணீர் வழிய அவள் தலையாட்டினாள். அந்த ஒரு கணம் அவள் பழைய ஹப்ஸாவாக இருந்தாள். மிஹ்லாருக்கு அதுவே போதும் என்றிருந்தது.

இரண்டாம் பக்கத்தைப் போட்டான். வெறுமையான இடம் இப்போது நூலளவுதான் மிச்சம். முதல் நிமிஷத்திலேயே மேளம் எழும்பிவிட்டது. அப்படி ஒரு அடியை அவன் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை. இனிக் கேட்கப் போவதுமில்லை என்று தோன்றியது. அவன் உட்காரவில்லை. கதவோரம் நின்றான்.

கிறீச்.

ஈரக்கால்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம் காக்கா" என்றான் மிஹ்லார், மூத்த சகோதரனைக் கூப்பிடுவதுபோல், ஹப்ஸாவின் குரல் எழுமுன். "வாங்க போவம். தெருவரைக்கும் நானும் வாறன்."

மேளம் நின்றது.

பிரம்புக் கதிரை ஒருதரம் முனகியது. ஊறிய பிரம்பு மெல்ல மேலெழுந்தது. தரையில் ஈரப் பாதம் ஒன்று பதிந்தது. பிறகு இன்னொன்று. மிஹ்லார் பக்கத்தில் நடந்தான். தோளில் உப்புக் காற்று பட்டது. படி இறங்கினார்கள். வீட்டைச் சுற்றிய வளவு மணலில் பாதங்கள் ஆழமாகப் பதிந்தன. அவன் கேற்றைத் திறந்து பிடித்தான். பாதங்கள் வெளியே போயின. பெரியவர் ஒருவரை வழியனுப்பினால் கேற்றோடு நின்றுவிடுவது மரியாதையில்லை. பழக்கதோஷத்தில் அவனும் தெருவில் ஒரு எட்டு வைத்தான்.

வீட்டுக்குள் யாரோ இருமினார்கள்.

"இஞ்சாருங்க" என்றாள் ஹப்ஸா. கரகரத்த, சொந்தக் குரல். "எங்க போயிட்டீங்க?"

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி ஓடினான். வளவு மணலில் பாதிவழியில்தான் கவனித்தான், தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஆட்டோ போனது, சத்தமில்லை. காகம் வாயைத் திறந்தது, சத்தமில்லை. கேட்டதெல்லாம் ஒரு தட்டு சுழலும் இரைச்சல். அதற்குப் பின்னால், கேற்றின் தகரத்தில் யாரோ விரல் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

குனிந்து பார்த்தான். அவன் உடுத்திருந்த சாரன் இடுப்பளவுக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கதவு அவன் கை படுமுன்னே கிறீச்சிட்டது. உள்ளே பிளேயருக்குப் பக்கத்தில் ஹப்ஸா நின்றாள். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான், வீட்டுக்குள் நுழையும்போது தினமும் சொல்வதுபோல.

அவனுடைய குரல் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

ஹப்ஸா சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்கள் கதவை நோக்கித் திரும்பின. அவன்மேல் பட்டு, அவனைத் தாண்டி, வெறும் வளவைப் பார்த்தன.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஹப்ஸா, நான்தான் புள்ள."

பொத்திய விரல்களுக்குப் பின்னால் அவள் உதடுகள் அசைந்தன. பிறகு, அவனுக்குப் பண்ணிக்கொடுத்த சத்தியத்தை நினைத்துக்கொண்டவள்போல், தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். மற்றக் கையைப் பிளேயரை நோக்கி நீட்டினாள்.

மூன்றாவது ஸலாத்தை அவன் சொல்லி முடிக்குமுன் ஹப்ஸா ஊசியைத் தூக்கினாள்.